ஏழாம் பெருக்கல்

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்று ஒருவன் உருவாகிவிட்டால், அந்த வீட்டில் பழுதாகும் எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. தொலைக்காட்சியில் படம் தெரியவில்லையா, அவனைக் கூப்பிடு. மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, அவன் வாசிக்கட்டும். தண்ணீர் மோட்டார் இரைகிறதா, ‘அவன் கம்பஸில கணிதம்தானே படிக்கிறான், வந்து பாக்கட்டும்.’ நானும் போய்ப் பார்ப்பேன். இடுப்பில் கையை வைத்து, புருவத்தைச் சுருக்கி, மோட்டாரை ஒருமுறை சுற்றி நடப்பேன். (கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றுவிடும். எனக்குப் பயந்துதான் நின்றது என்று அம்மா இன்றைக்கும் நம்புகிறார்.)

இந்த மரியாதையை நான் உண்மை என்று நினைத்துவிட்டேன். அங்கேதான் எல்லாம் பிழையாகிப்போனது. கடலில் கால்கூட நனைக்காமல், ஒரே காலையில் ஆறு கரைவலைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்தவன் திருகோணமலையில் என்னைத் தவிர வேறு ஒருவனும் இருக்க மாட்டான். அதற்கு நான் எடுத்த ஆயுதம் ஓர் எண்.

அந்த எண்ணை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். 142857. பார்த்தால் யாரோ ஒருவருடைய பழைய தொலைபேசி இலக்கம் போல அப்பாவியாக இருக்கும். ஆனால் இரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 285714. மூன்றால்: 428571. நான்கால்: 571428. ஐந்தால்: 714285. ஆறால்: 857142. ஒவ்வொரு முறையும் அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை. தொடங்குகிற இடம் மட்டும்தான் வேறு. ஆறு பேர் வட்டமாக இருந்து கதைக்கும்போது யார் கதையைத் தொடங்கினாலும் பக்கத்தில் இருக்கிறவர் மாறுவதில்லையே, அதுபோல. ஒன்றுக்குப் பக்கத்தில் எப்போதும் நான்கு. நான்குக்குப் பக்கத்தில் எப்போதும் இரண்டு.

இதோடு நிற்கிற எண் அல்ல அது. 142ஐயும் 857ஐயும் கூட்டினால் 999. அதைத் தன்னாலேயே பெருக்கினால் 20408122449 வரும். அந்த விடையை 20408 என்றும் 122449 என்றும் இரண்டாக வெட்டிக் கூட்டினால் மறுபடியும் 142857! முதன்முதல் இதைச் செய்து பார்த்தபோது கன்டீனில் என் முன்னால் இருந்த தேத்தண்ணி பச்சைத் தண்ணியாக ஆறிப்போயிருந்தது. இரண்டாம் வருடத்தில் கூடப் படித்த பெடியன்களின் போனைத் திறந்தால் அவரவர் காதலி சிரிப்பாள். என் போனைத் திறந்தால் 142857 நிற்கும். (அதுவும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு முற்றிப்போன நிலை.)

இப்படிப்பட்டவன்தான் விடுமுறைக்கு ஊர் வந்தான்.

எங்கள் ஊர் திருகோணமலை டவுனைத் தாண்டி, சல்லிப் பக்கத்துக் கரை. அப்பா கரைவலைச் சம்மாட்டி. சம்மாட்டி என்றதும் பெரிய பணக்காரரைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஒரு வலையும் ஒரு தோணியும் சொந்தமாக இருந்தால் அவர் சம்மாட்டி. அந்த வலையின் கிழிசல்களைத் தைத்துப் பொத்திப் பொத்தியே அவர் கண் பூத்துப்போகும். கரைவலை என்பது, கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வெளியே போய், வலையை அரைவட்டமாக விரித்துக்கொண்டு வந்து, மறு தலைப்பைக் கரையில் சேர்ப்பது. பிறகு இரண்டு தலைப்பையும் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். நடுவில் பை போல இருக்கும் மடியில்தான் மீன் வரும். ஒரு வலை கடலில் கிடக்கும்போது அந்த இடத்தில் இன்னொரு வலை வளைக்க ஏலாது. அதனால்தான் முறை. விடியற்காலையில் முதலாவதாக வளைக்கிறவருக்கு மீன். கச்சான் காற்று கிளம்பிய பிறகு கடைசியாக வளைக்கிறவருக்குப் பாசி.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்த முறைக்காரர் தன் தோணியை இறக்குவதற்கு முன், முந்தியவரிடம் போய், “மடி கரைக்கு வந்திட்டுதோ?” என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். அவர், “வந்திட்டுது, நீ வளை” என்று சொல்ல வேண்டும். மடி கண் முன்னால் கிடந்து மீன் துள்ளிக்கொண்டிருக்கும். ஆனாலும் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். கேட்காமல் வளைத்தால் அது களவுக்குச் சமன்.

எல்லாத் தொல்லையும் இந்த வழக்கத்தில் வந்து முட்டியது. காரணம், அந்த வருடம் கரைக்கு ஆறாவதாக ஒரு வலை வந்தது. நீல நிற வலை. அது என் சித்தப்பாவுடையது.

சித்தப்பா தங்கராசா அப்பாவின் ஒரே தம்பி. இளவயதில் கந்தளாய்ப் பக்கம் ஒரு பெட்டையை விரும்பி, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கலியாணம் கட்டி, அங்கேயே வயல் செய்யத் தங்கிவிட்டார். அப்பாவுக்குக் கலியாணம் கோபமில்லை. சொல்லாததுதான் கோபம். ‘என்னட்டச் சொல்லியிருந்தால் நானே முன்னுக்கு நிண்டு செய்து வைச்சிருப்பன்’ என்று அம்மாவிடம் மட்டும் சொல்வார், அதுவும் நித்திரைக்குப் போகும்போது சுவரைப் பார்த்து. அண்ணர் வந்து கதைக்கட்டும் என்று அவர் அங்கே இருந்தார். தம்பி வந்து கதைக்கட்டும் என்று இவர் இங்கே இருந்தார். இப்படியே நான் பிறந்து, பள்ளிக்கூடம் போய், கம்பஸுக்கும் போய்விட்டேன். மாமனார் செத்து வயல் பங்கு பிரிந்த பிறகு சித்தப்பா கடலைத் தேடித் திரும்பி வந்தார். கரையில் அப்பாவுக்கு, கை விரித்து அளந்தால் நாலு பாகம் தள்ளித் தன் தோணியை ஏற்றி வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் இருக்கும் திசையை மற்றவர் பார்ப்பதில்லை. கடலைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேருக்கும் கழுத்துச் சுளுக்காதது ஆச்சரியம்.

அம்மா ஒருநாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னார்: “மகன், நீ இவ்வளவு படிக்கிறாய். இந்த ரெண்டு பேரையும் கதைக்க வைக்கிறதுக்கு உன்ர படிப்பில ஒண்டும் இல்லையே?”

மோட்டாரைச் சுற்றி நடந்தவனுக்கு இந்தக் கேள்வி போதாதா?

அதே கிழமை கரைச் சங்கக் கூட்டம். ஐந்து வலைகளாக இருந்தபோது முறை சக்கரம் போலச் சுழன்றது. இன்றைக்கு முதலாவது, நாளைக்குக் கடைசி. இப்போது ஆறாவது வலையை எங்கே செருகுவது? எங்கே செருகினாலும் சித்தப்பாவுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் போட ஏலாது, கேள்வியும் வராது பதிலும் வராது, வலை கரையிலேயே காயும் என்று எல்லோருக்கும் தெரியும். வேறு இடத்தில் போட்டால் அவரவருக்கு ஒரு நியாயம். இரண்டு நாள் கூடிக் கூடிக் கத்திவிட்டு, மூன்றாம் நாள் தலைவர் என்னைப் பார்த்தார். தலைவருக்கும் ஒரு வலை உண்டு, ஆகவே அவர் என்ன சொன்னாலும் பக்கச்சார்பு என்றார்கள்.

“கம்பஸ் தம்பி, நீ சொல்லு. உனக்கு வலையுமில்ல, தோணியுமில்ல.”

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன். “எல்லாரும் போனை எடுங்கோ, கல்குலேட்டரைத் திறவுங்கோ” என்றேன்.

சம்மாட்டிமார் ஒவ்வொருவராகப் போனை எடுத்து, கையைத் தூர நீட்டிக் கண்ணைச் சுருக்கினார்கள். 142857 அடிக்கச் சொன்னேன். இரண்டால் பெருக்கச் சொன்னேன். மூன்றால். நான்கால். ஆட்கள் ஒருவருடைய போனை ஒருவர் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

“டேய், இது அதே இலக்கமடா!”

“என்ர போனிலயும் அப்பிடித்தான்.”

“உன்ர போனும் என்ர போனும் ஒரே கடையில வாங்கினது. தலைவருடையதில பாருங்கோ.”

தலைவருடையதிலும் அப்படியே வந்தது. கூட்டம் என் கைக்குள் வந்துவிட்டது. விளக்கினேன். ஒவ்வொரு வலைக்கும் ஓர் இலக்கம். முதல் நாள் ஒன்றால் பெருக்குவோம், 142857. அந்த வரிசையில் வளைக்க வேண்டும். இரண்டாம் நாள் இரண்டால், 285714. அன்றைக்கு இரண்டாம் இலக்கக்காரருக்கு விடியற்காலை. ஆறு நாளில் ஆறு பேருக்கும் எல்லா இடமும் ஒவ்வொரு தடவை கிடைக்கும். ஒருவரும் பக்கம் சாய ஏலாது, எண் சொல்லும்.

குணம் அண்ணை என்ற சம்மாட்டி தலையைச் சொறிந்தார். “தம்பி, குறை நினைக்காத. இது நாங்க முந்திச் சுத்தின சுத்துத்தானே? அதை ஏன் பெருக்க வேணும்?”

“இல்ல அண்ணை, அது பழக்கம். இது கணிதம்” என்றேன். (இன்றைக்கு அந்த வசனம் ஞாபகம் வரும்போதெல்லாம் தலையணையால் முகத்தை மூடிக்கொள்வேன்.)

இலக்கங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதிப் பிரித்தோம். குணம் அண்ணை இரண்டை எடுத்தார். ஐந்தும் ஏழும் போயின. எட்டை ஒருவரும் தொடவில்லை, எட்டு சனியின் எண்ணாம். கடைசியில் தலைவர், “பதவி எண்டு வந்தால் எல்லாத்தையும் சுமக்கத்தானே வேணும்” என்று எட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். அப்பாவுக்கு நான் ஒன்றைக் கொடுத்திருந்தேன். கடைசியாக ஒதுங்கி நின்ற சித்தப்பாவுக்கு மிஞ்சியது நான்கு. மிஞ்சியது என்றால், யார் கேட்டபோதும் நான்கை என் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்து மிஞ்ச வைத்தேன். ஒன்றுக்குப் பின்னால் எப்போதும் நான்கு. எண்ணின் மயக்கத்தில் இருந்த கூட்டம் அதைக் கவனிக்கவில்லை. நாளைக்கு மட்டுமல்ல, பெருக்கப் பெருக்கச் சித்தப்பா அப்பாவிடம் போய், ‘மடி கரைக்கு வந்திட்டுதோ’ என்று கேட்டே ஆக வேண்டும். குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை 142857இடம் கொடுத்துவிட்டேன். அதற்கு முன் உலகத்தில் எந்த எண்ணுக்கும் இந்த வேலை வந்ததில்லை.

அப்போது பின்னால் இருந்த ஒருவர் கேட்டார்: “ஏழால பெருக்கினால் என்ன வருது?”

எல்லோரும் பெருக்கினார்கள். 999999.

“ஒன்பதாம் இலக்கம் ஆருடைய வலை?”

நான் இதை யோசித்திருக்கவில்லை. ஏழாம் நாள் திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்குவோம் என்று சொல்லியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் ஒரு கூட்டமே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓர் இருபத்தொரு வயதுக்காரனால் ‘தெரியாது’ என்று சொல்ல ஏலுமா? “அது ஓய்வு நாள்” என்றேன். “ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் ஒருத்தருக்கும் முறையில்ல. எண்ணே சொல்லுது. கடலுக்கும் ஓய்வு வேணும்தானே?”

எண் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அது தன்பாட்டில் ஏழு தடவை கூடியிருந்தது.

ஒரு பலகையில் வெள்ளைப் பெயின்டால் ஏழு வரிசையும் எழுதிக் கரையில் நட்டோம். அப்பா பலகையின் கீழே வெகு நேரம் நின்றார். ஒன்றும் நான்கும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாரோ, என் கையெழுத்தைப் பார்த்தாரோ தெரியாது. பலகையில் ஒட்டியிருந்த மணலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனார்.

முதல் நாள் விடியற்காலை. அப்பாவின் மடி கரையேறியது. சித்தப்பா நாலு பாகத்தையும் நடந்து வந்து, அப்பாவுக்கு முதுகைக் காட்டி நின்று, கடலிடம் கேட்டார்: “மடி கரைக்கு வந்திட்டுதோ எண்டு கேக்கினம்.”

அப்பா என்னைப் பார்த்தார். “வந்திட்டுதாம் எண்டு சொல்லு.”

நான் ஓரடி திரும்பி, “சித்தப்பா, வந்திட்டுதாம்” என்றேன்.

“வளைக்கட்டாமோ?”

“அப்பா, வளைக்கட்டாமோ?”

“வளைக்கச் சொல்லு.”

இரண்டு பேருக்கும் இடையில் ஒரு மீன் கூடையின் அகலம்தான். நான் ஒலிபெருக்கி. இரண்டாம் நாள் எனக்குத் தடிமன் பிடித்து வீட்டில் படுத்துவிட்டேன். சித்தப்பா கேள்வியைக் காகத்திடம் கேட்டதாகவும், அப்பா பதிலை எங்கள் நாயிடம் சொன்னதாகவும் கரையிலிருந்து செய்தி வந்தது. மூன்றாம் நாள் வரிசை நான்கில் தொடங்கி ஒன்றில் முடிந்தது, கேள்வியே இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஏதோ ஒன்றைக் காணவில்லை என்பது போலக் கரையில் மேலும் கீழும் நடந்தார்களாம். ஆறாம் நாள் சித்தப்பா வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா தோளிலிருந்த துவாயை எடுத்து ஒரு தடவை ஆட்டினார். ‘வந்திட்டுது’ என்று அர்த்தம். சித்தப்பா தலையை அசைத்தார். நான் வீட்டுக்கு ஓடி, “அம்மா, துவாய் ஆடிட்டுது!” என்று கத்தினேன். அம்மா கண்ணைத் துடைத்தார். (வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) இன்னும் ஒரு சுற்றுப் போதும் என்று நான் நினைத்தேன்.

அடுத்தது ஏழாம் நாள்.

ஓய்வு நாள் நன்றாகத்தான் தொடங்கியது. வலைகளெல்லாம் காயப் போட்டிருந்தன. தோணிகளுக்குக் கீழே ஆட்கள் காட்ஸ் விளையாடினார்கள். வழமையாக மீன் எடுக்க ஐஸ் லொறியோடு வரும் கிண்ணியா யூசுப் நானா, ஓய்வு என்று தெரியாமல் வந்து, பலகையின் கீழே நின்று வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வெட்டிக் கூட்டும் கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டுக்கொண்டேயிருந்து, திடீரென்று என் தலைக்கு மேலால் கடலைப் பார்த்தார்.

“தம்பி, அது என்ன கறுப்பு?”

தண்ணீருக்குள் ஒரு மேகம் விழுந்து நகர்வது போல ஒரு கறுப்பு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேலே பறவைகள். விளிம்பில் வெள்ளி வெள்ளியாக ஏதோ துள்ளியது.

“பாரை!” என்று யாரோ அலறினார்கள். “பாரைக் கூட்டம்! பாரை!”

காட்ஸ் பறந்தது. எல்லோரும் எழுந்தார்கள். எழுந்த வேகத்தில் எல்லோரும் ஒரே கேள்வியில் முட்டி நின்றார்கள்: ஆருடைய முறை? ஆறு சம்மாட்டிமாரும் ஓடி வந்து பலகையைப் பார்த்தார்கள். ஏழாம் வரிசையில் ஆறு ஒன்பதுகள், வெள்ளைப் பெயின்டில், வெயிலில் பளபளத்தன. பிறகு ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“சொல்லு தம்பி, கெதியா! ஆருக்கு முறை?”

அந்த இடத்தில் ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். எந்தப் பெயரையும். ஆனால் நான் நேர்மையான மாணவன். “விதிப்படி பாத்தால்… ஒருத்தருக்கும் இல்ல” என்றேன்.

குணம் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டினார். “ஒருத்தருக்கும் இல்லையெண்டால் எல்லாருக்கும்தானே!”

கணிதத்தில் இப்படி ஒரு முடிவுக்கு வர எந்த வழியும் இல்லை. ஆனால் அதை விளக்குவதற்குக் கரையில் ஆள் இருக்கவில்லை. ஆறு தோணிகளும் இறங்கிவிட்டன. எட்டாம் இலக்கத் தலைவர், “கேக்காமல் வளைக்கக் கூடாது! கேக்காமல் வளைக்கக் கூடாது!” என்று கத்திக்கொண்டே தன் தோணியை எல்லோருக்கும் முந்தித் தள்ளிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நான் கரையிலிருந்து பார்த்தேன். பார்த்தது போதும் என்று கண்ணை மூடினாலும் காது கேட்டது. முதல் தோணி விரித்த அரைவட்டத்துக்குள் இரண்டாம் தோணி புகுந்தது. அதன் குறுக்கே மூன்றாவது. அப்பாவின் பச்சை வலை கிழக்கிலிருந்து மேற்கே வந்தது. சித்தப்பாவின் நீல வலை மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. கரையில் நின்றவர்கள் கையில் அகப்பட்ட கயிற்றையெல்லாம் இழுத்தார்கள். ஒரு வலையின் ஒரு தலைப்பை அதன் ஆட்களும், மறு தலைப்பை இன்னொரு வலையின் ஆட்களும் இழுத்தார்கள். பாரைக் கூட்டம் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்திருக்க வேண்டும். பிறகு, வந்த கறுப்பு மேகம் வந்த வழியே திரும்பிப் போனது.

பின்னேரம் ஆறு வலையும் ஒரே வலையாகக் கரையேறியது. மடி எத்தனை, எது எவருடையது என்று தெரியாத ஒரு மலை. அந்த மலைக்குள் தேடியதில் அகப்பட்டது ஒரு பேத்தை மீன், பந்து போல ஊதிக்கொண்டு எங்கள் எல்லோரையும் முறைத்தது. அதோடு ஒரு சாரம். (அது தலைவருடையது. அவர் ஏன் தண்ணீரை விட்டு வெளியே வராமல் கழுத்தளவில் நின்று கட்டளையிட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது.)

யூசுப் நானா வெறும் லொறியின் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். “தம்பி, நீங்க என்ன படிக்கிறதெண்டு சொன்னீங்க?”

“கணிதம், நானா.”

“அல்ஹம்துலில்லாஹ். டொக்டருக்குப் படிக்கல்ல.”

அடுத்த நாள் காலையில் கரையில் மீன்பிடி இல்லை. சிக்கெடுப்புத்தான். ஆறு குடும்பமும், பெண்கள் பிள்ளைகள் உட்பட, அந்த மலையைச் சுற்றி மணலில் இருந்தது. ஒருவரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலாக, “கம்பஸ் தம்பி, இந்த முடிச்சை எத்தினையால வகுக்கிறது?” என்றும், “தம்பியைத் தொந்தரவு செய்யாதேங்கோ, அவர் எட்டால பெருக்கிக் கொண்டிருக்கிறார்” என்றும் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் குனிந்து, கண்ணில் நீர் முட்ட, ஒரே முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தேன். ஆறு நாளில் ஒரு துவாயை ஆட வைத்தேன். ஏழாம் நாள் எல்லாவற்றையும் கெடுத்தேன். இனி அப்பாவும் சித்தப்பாவும் எந்தப் பக்கம் பார்ப்பார்கள்?

மலையின் நடுவில்தான் மோசமான சிக்கல். பச்சையும் நீலமும் மடியோடு மடி பின்னிக் கிடந்தது. அப்பா ஒரு பக்கத்தில் ஒரு கயிற்றைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கயிறு இவர் கையிலிருந்து அங்கால் போனது.

“ஆரடா அங்கால இழுக்கிறது? விடடா கயித்தை!”

வலைக் குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: “முதல் நீ விடு!”

அம்மா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி நின்றார். அது சித்தப்பாவின் குரல். காகத்துக்குச் சொன்னதல்ல, கடலுக்குச் சொன்னதல்ல. குவியலுக்கு இந்தப் பக்கம் இருப்பது யார் என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கயிறு இரண்டு பக்கமும் ஆடாமல் இருந்தது.

அப்பா எழுந்தார். குவியலைச் சுற்றி நடந்தார். அந்தப் பக்கத்தில் சித்தப்பா உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தார். கயிறு உரசி இரத்தம் வந்திருந்தது.

“கையைக் காட்டு.”

“சும்மா கீறல்தான்.”

“காட்டெண்டு சொல்லுறன்.”

சித்தப்பா காட்டினார். அப்பா தோளிலிருந்த துவாயை, ஆறாம் நாள் ஆடிய அதே துவாயை, நீளமாகக் கிழித்துக் கட்டினார். கட்டி முடித்தும் கையை விடவில்லை. கீழே பார்த்தபடியே சொன்னார்: “கந்தளாய்க்குப் போறதெண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்லத்தான் வந்தனான், அண்ணை. நீ வலை பொத்திக்கொண்டிருந்தாய். குழப்பக் கூடாதெண்டு போயிட்டன்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அது சிரிப்பாகவே இருக்கவில்லை. அம்மா கோப்பையை மணலில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

சிக்கெடுத்து முடிய இன்னும் இரண்டு நாள் பிடித்தது. நாலு வலைகள் நாலாகப் பிரிந்தன. பச்சையும் நீலமும் மட்டும் பிரியவில்லை. வெட்டினால் இரண்டும் வீணாகும், வெட்டாமல் கெட்ட பகுதியை மட்டும் எடுத்துவிட்டுச் சேர்த்துப் பொத்தினால் ஒரு நல்ல பெரிய வலை மிஞ்சும் என்றார் சித்தப்பா. அப்பா, “அப்ப சேத்துப் பொத்து” என்றார். அவ்வளவுதான். எண்ணைத் தன்னாலேயே பெருக்கி, வெட்டிக் கூட்டினால் பழையபடி வரும் கதையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா ஒரு பார்வை பார்த்தார். மூடிவிட்டேன்.

ஆக, கரையில் வலைகள் மறுபடியும் ஐந்து. ஆறாவதை எங்கே செருகுவது என்ற பிரச்சினையே ஒழிந்தது. ஐந்து வலை பழையபடி சக்கரமாகச் சுழன்றது. கூட்டமில்லை, பெருக்கலில்லை. ஐந்து இலக்கத்தில் இப்படி வளைய வரும் எண் ஏதும் இருக்கிறதா என்று நானும் இரகசியமாகத் தேடிப் பார்த்தேன். இல்லை. கடவுளுக்கு நன்றி.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண்ணின் கதை ஏழோடு முடிவதில்லை. எட்டால் பெருக்கினால் 1142856 வரும். ஏழு இலக்கமாகி வரம்பை மீறி, ஒரு ‘ஒன்று’ முன்னால் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். கடைசியில் இருக்க வேண்டிய ஏழு, ஆறாகக் குறைந்திருக்கும். வெளியே போன அந்த ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து குறைந்த இடத்தில் சேர்த்துவிட்டால், மறுபடியும் 142857. நான் இப்போது பாலையூற்றில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு இந்த எட்டாம் பெருக்கலைச் சொல்லிக் கொடுக்கும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கொஞ்சம் தடுமாறும். சேருக்குத் தடிமன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

ஊரில் அந்த வலைக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. பாதி பச்சை, பாதி நீலம்; பெயர் ‘ஏழாம் பெருக்கல்’. “ஏழாம் பெருக்கல் வளைச்சாச்சா?” “இண்டைக்கு ஏழாம் பெருக்கலுக்கு நல்ல கும்பளா மீன்.” கிண்ணியாச் சந்தையில்கூட யூசுப் நானா அப்படித்தான் சொல்லி விற்கிறாராம். அந்தப் பலகை இப்போது எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு. ஆறு ஒன்பதுகளும் தலைகீழாக நின்று ஆறு ஆறுகளாகிவிட்டன.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கரைக்குப் போனபோது ஏழாம் பெருக்கலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே கயிற்றில், தோளோடு தோள். மடி மணலில் ஏறி, மீன் துள்ளியது. இனி அவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய தேவை ஒன்றும் இல்லை. வலை ஒன்று, முறை ஒன்று. ஆனாலும் சித்தப்பா கயிற்றை விடாமல், பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்டார்:

“அண்ணை, மடி கரைக்கு வந்திட்டுதோ?”

அப்பா குனிந்து மடியை நன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கணக்கு வாத்தியார் வந்திருக்கிறார். அவரைக் கேள். பெருக்கிப் பாத்துச் சொல்லுவார்.”